‘இசட்’ படத்துக்கு அந்தக் கடைசி இரண்டு நிமிடம் தேவையா?

வாசகர் கேள்வி, ஜூன் 3

கோஸ்டா-காவ்ராஸ் இயக்கிய ‘இசட்’ பார்த்தேன். இரண்டு மணி நேரம் இருந்த இடத்தை விட்டு எழவில்லை. விசாரணை நீதிபதி ராணுவ அதிகாரிகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் குற்றம் சாட்டும்போது தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். அங்கேயே முடித்திருக்கலாம். அப்புறம் ஒரு செய்தி அறிவிப்பு வந்து அத்தனையையும் இரண்டு நிமிடத்தில் கெடுத்துவிட்டது. இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போய்க் கடைசியில் பார்க்கிறவனை ஏமாற்றுவது என்ன நியாயம்? அந்தப் பகுதி தேவையில்லை என்பது என் கட்சி.

ஜூன் 4, காலை

நீங்கள் கை தட்டிய இடத்தில் நானும் தட்டியிருக்கிறேன். பதக்கங்கள் குத்திய அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராக விறைப்பாக நுழைகிறார்கள். நீதிபதி எல்லாரிடமும் அதே குரலில் பெயர், தொழில் என்று கேட்கிறார். தட்டச்சு இயந்திரம் படபடக்கிறது. வெளியே பத்திரிகைக்காரர்கள் நிற்பதால் ஒவ்வொருவரும் வேறு கதவைத் திறக்கப் பார்க்கிறார்கள், அது பூட்டியிருக்கிறது. இந்த வரிசைக்குக் கை தட்டாதவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆனால் அங்கே படத்தை முடித்திருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

படத்துக்கு அடிப்படையான, கிரீஸில் உண்மையாகவே நடந்தது இதுதான். கிரிகோரிஸ் லாம்ப்ராகிஸ் ஒரு மருத்துவர். ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவம் கற்பித்தவர். இளமையில் நீளம் தாண்டுதல் வீரர், கிரேக்க தேசியச் சாதனையை 20 ஆண்டுகளுக்கு மேல் கையில் வைத்திருந்தவர். இடதுசாரிக் கூட்டணியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1963 ஏப்ரலில் மாரத்தான் என்ற ஊரிலிருந்து ஏதென்ஸுக்கு அமைதி நடைப்பயணம் அறிவித்தார்கள். அரசு தடை போட்டது, வந்தவர்களைப் போலீஸ் பிடித்தது. நாடாளுமன்ற உறுப்பினரை மட்டும் கைது செய்ய முடியாது. எனவே அவர் ஒருவரே பதாகையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அடுத்த மாதம், மே 22 அன்று, தெசலோனிகி நகரில் கூட்டத்தில் பேசிவிட்டு வெளியே வந்தபோது ஒரு மூன்று சக்கர வண்டி பாய்ந்து வந்தது. வண்டியின் பின்னால் இருந்தவன் தலையில் அடித்தான். சுற்றிலும் போலீஸ் நின்றுகொண்டிருந்தது. மே 27 அன்று அவர் இறந்தார். ஏதென்ஸில் நடந்த இறுதி ஊர்வலத்தில் லட்சக்கணக்கானவர்கள் நடந்தார்கள். அவர் வாழ்கிறார் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் முதல் எழுத்து சுவர்களில் ஏறியது. படத்தின் பெயர் அங்கிருந்து வந்தது.

இளம் விசாரணை நீதிபதி கிறிஸ்டோஸ் சார்ட்ஸெடாகிஸ், விபத்து என்று சொல்லப்பட்டதைத் தோண்டி, உயர் போலீஸ் அதிகாரிகள் வரை போனார். 1966இல் வழக்கு முடிந்தது. வண்டி ஓட்டியவனுக்கும் அடித்தவனுக்கும் சிறை. அதிகாரிகள் விடுதலை. சில மாதங்களில், 1967 ஏப்ரல் 21 அன்று, ராணுவக் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். விடுதலையானவர்களின் உலகம் நாட்டையே எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீதி தோற்றதையும் ராணுவம் வந்ததையும்தான் அந்தக் கடைசி இரண்டு நிமிடச் செய்தி அறிவிப்பு சொல்கிறது.

படம் வந்தது 1969இல். அப்போது கர்னல்கள் பதவியில்தான் இருந்தார்கள். கைத்தட்டலோடு முடிந்திருந்தால், பாரிஸில் பார்த்தவர் நீதி கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். அதே இரவில் கிரேக்கத் தீவுகளின் முகாம்களில் கைதிகள் நிரம்பியிருந்தார்கள்.

ஜூன் 4, இரவு

இரண்டு திருத்தங்கள், இழைக்குக் கீழே வந்த கருத்துகளுக்கு.

படத்தில் நாட்டின் பெயர் வராது என்பது உண்மை. பிரெஞ்சில் பேசுகிறார்கள் என்பதாலும் ஒரு நடிகர் இத்தாலியர் என்பதாலும் கதை இத்தாலியில் நடக்கிறது என்று எழுதியிருக்கிறார் ஒருவர். கிரீஸ்தான். பெயரைச் சொல்லாமல் விட்டது பயந்து அல்ல. படத்தின் தொடக்கத்திலேயே, உண்மைச் சம்பவங்களோடும் உயிரோடு இருப்பவர்கள் இறந்தவர்களோடும் காணப்படும் ஒற்றுமை தற்செயல் இல்லை, வேண்டுமென்றே செய்தது என்று எழுத்தில் போட்டு, இயக்குநரும் திரைக்கதை ஆசிரியரும் கையெழுத்தும் போடுகிறார்கள்.

அடுத்தது, முதல் கேள்வியில் ராணுவ அதிகாரிகள் என்று வருகிறது. அவர்கள் ஜெண்டார்மரி என்ற போலீஸ் படையின் அதிகாரிகள். ராணுவ மாதிரியில் அமைந்த படை, சீருடையும் பதவிப் பெயர்களும் அப்படியே இருக்கும். ஜெனரல் என்று கூப்பிடுவதால் குழப்பம் வருகிறது. இந்த வேறுபாடு முக்கியம். மக்களைக் காக்க அன்று அந்தத் தெருவில் நிறுத்தப்பட்டிருந்தவர்கள் அவர்கள்தான்.

ஜூன் 5

‘அந்தக் கண்ணாடிக்காரர் ஜட்ஜா, போலீஸா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இது புரியாமல் படத்தின் பாதி சூடு போய்விடும்.

நம் நடைமுறையில் போலீஸ் விசாரித்துக் குற்றப்பத்திரிகை போடும், நீதிமன்றம் அதைக் கேட்கும். பிரான்ஸிலும் கிரீஸிலும் விசாரணை நீதிபதி என்று தனியாக ஒருவர் உண்டு. சாட்சிகளை அவரே கூப்பிடுவார், சான்றுகளை அவரே திரட்டுவார், யார் மேல் குற்றம் சுமத்துவது என்றும் அவரே முடிவு செய்வார். தீர்ப்பு வேறு நீதிமன்றத்தில். அதனால் ஜான்-லூயி ட்ரான்டினியான் நடித்த அந்த மனிதருக்குக் கையில் அதிகாரம் நிறைய, பின்னால் ஆள் யாரும் இல்லை. அவர் யாரை விசாரிக்கிறாரோ அவர்களிடமிருந்தே அவருக்கு ஆவணங்கள் வர வேண்டும். மேலதிகாரி தோளில் கை போட்டு நைச்சியமாகப் பேசுவது, உன் எதிர்காலத்தை யோசித்துப் பார் என்பது, எல்லாம் அந்தக் காலி இடத்தில்தான் நடக்கிறது.

என் மாமா மாவட்ட நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை உட்கார வைத்து இந்தப் படத்தைப் போட்டேன். கூட்டம், தடியடி, வண்டி மேல் நடக்கும் சண்டை எதற்கும் அவர் அசையவில்லை. வாக்குமூலக் காட்சிகள் வந்ததும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தொடர்பே இல்லாததுபோல் நடிக்கும் ஆட்கள், ஒருவனைப் பற்றிச் சொல்லும்போது ‘புலி மாதிரி’ என்ற அதே சொற்றொடரைச் சொல்கிறார்கள் அல்லவா? நீதிபதி முகத்தில் ஒன்றும் காட்டாமல் அதைப் பிடித்துக்கொள்வார். மாமா அதற்கு முன்பே, ‘சொல்லிக் கொடுத்த சாட்சி, எல்லாம் ஒரே வாய்’ என்று சொல்லிவிட்டார். பல வருஷம் வாக்குமூலம் கேட்ட காது.

கடைசி இரண்டு நிமிடம் பற்றி அவரிடம் கேட்டேன். ‘குற்றச்சாட்டு பதிவானதும் வழக்கு முடிந்துவிட்டது என்று சினிமாக்காரன்தான் நினைப்பான். அதற்கு மேல்தான் வழக்கே’ என்றார். இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஜூன் 7

நேற்று ஒரு நண்பர் எழுதியது என்னை நாள் முழுக்க யோசிக்க வைத்தது. முதல் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார். பிரச்சினை கடைசி இரண்டு நிமிடத்தில் இல்லையாம், அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் இருக்கிறதாம். அரசியல் கொலையைத் துரத்தல், சண்டை, துப்பறிதல் என்று பரபரப்பாக்கினால் பார்க்கிறவன் பரபரப்பைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போவான், அரசியலை அல்ல என்கிறார்.

இது பழைய வழக்கு. படம் வந்த 1969லேயே ‘கயே து சினிமா’ என்ற பிரெஞ்சுத் திரைப்பட இதழ் இந்தக் கோட்டில் நின்றது. ழான்-லூயி கொமோலியும் ழான் நார்போனியும் எழுதிய தலையங்கத்தில், அரசியல் உள்ளடக்கம் வெளிப்படையாக இருந்தும் வழக்கமான சினிமா மொழியைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளும் படங்களைப் பற்றிப் பேசும்போது ‘இசட்’ பெயர் வருகிறது, பாராட்டாக இல்லை. பிரான்ஸில் மாணவர்களும் தொழிலாளர்களும் நடத்திய 1968 மே கிளர்ச்சிக்கு அடுத்த வருஷம் அது. வடிவத்தையே உடைக்க வேண்டும் என்று பாரிஸில் பலர் உறுதியாக நம்பிய காலம். அதே நேரத்தில் பிரான்ஸில் சுமார் 40 லட்சம் பேர் டிக்கெட் எடுத்து இந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

அந்த விமர்சகர்கள் கேட்டது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். கெட்டவர்கள் பார்த்த உடனே கெட்டவர்களாகத் தெரிகிறார்கள். ஜெனரலும் கர்னலும் கொஞ்சம் கோமாளிகள். ஒரு பத்திரிகையாளர், பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்ட பிரெஞ்சு ராணுவ அதிகாரி ட்ரைஃபஸ் மாதிரி நீங்களும் பலியாடா என்று கேட்க, ஜெனரல் ட்ரைஃபஸ் குற்றவாளிதான் என்று கத்துகிறார். அரங்கம் சிரிக்கும். சிரித்தவுடன் நாம் அவரைவிட உயர்ந்தவர்கள் ஆகிவிடுகிறோம். அந்த உயரம் அரசியலுக்கு நல்லதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை.

ஆனால் ‘பரபரப்பு’ என்று ஒரே சொல்லில் அடைப்பதற்கு முன் தாக்குதல் நடக்கும் அந்த இரவைத் திரும்பப் பாருங்கள். கூட்டம் நடத்த எடுத்த அரங்கம் கடைசி நேரத்தில் மறுக்கப்படுகிறது. கிடைக்கிற சின்ன அரங்கத்துக்கு எதிரில் கூலிக் கும்பல் கூடுகிறது. கொலைத் திட்டம் பற்றிய தகவல் முன்கூட்டியே வந்து, அதிகாரிகளுக்கும் சொல்லப்படுகிறது. பெரிய அதிகாரிகள் ரஷ்யாவின் பல்ஷோய் குழு ஆடும் பாலே நடனம் பார்க்கப் போகிறார்கள். சதுக்கத்தின் நடுவில் ஆள் நடமாட்டமே இல்லாத ஓர் இடம் உருவாகிறது. அந்தக் காலி இடம்தான் பயமுறுத்துகிறது. யாரோ ஒருவர் கூட்டத்தை விலக்கி வண்டி வருவதற்கு வழி செய்திருக்கிறார். கட்டளை ஒன்றைக்கூட நாம் காதால் கேட்பதில்லை. ஒவ்வொரு போலீஸ்காரரும் சும்மா நிற்கிறார், சும்மா நிற்பதே அவருக்கு இட்ட வேலை. ஓர் அரசு எப்படிக் கொலை செய்யும் என்று இதைவிடத் தெளிவாக எந்தக் கட்டுரையும் எனக்குச் சொன்னதில்லை. வடிவத்தை உடைத்த படங்களிலும் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன், மதிப்பும் உண்டு. அவற்றில் எதுவும் இந்தச் செய்முறையை இவ்வளவு துல்லியமாகக் காட்டவில்லை.

அப்புறம் பிரான்சுவாஸ் பொனோவின் படத்தொகுப்பு. அடி விழுந்த கணம் ஒரு தடவையில் முடிவதில்லை. ஒவ்வொரு சாட்சி பேசும்போதும் வேறு கோணத்தில் திரும்ப வருகிறது. விழுந்ததால் அடிபட்டதா, அடித்ததால் விழுந்தாரா என்பதுதான் வழக்கின் மையம். மருத்துவர்கள் எக்ஸ்ரே படத்தை வைத்துக்கொண்டு வாதாடுவதும் அதற்குத்தான். விறுவிறுப்புக்காகச் செய்த வெட்டு போலத் தெரிகிறது. உண்மையில் ஒரு பொய் எப்படிப் படிப்படியாக உடைகிறது என்பதை நம் கண்ணே சரிபார்க்கும்படி செய்கிறார்.

ஜூன் 8

சின்னத் தகவல், கேட்டவருக்காக. ஆஸ்கர் பிரான்ஸுக்குக் கிடைக்கவில்லை, அல்ஜீரியாவுக்குக் கிடைத்தது. அது சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான விருது. சிறந்த படத்தொகுப்பு விருது பொனோவுக்கு. ஒரே ஆண்டில் சிறந்த படத்துக்கும் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கும் சேர்த்துப் பரிந்துரைக்கப்பட்ட முதல் படம் இது. கான் விழாவில் நடுவர் பரிசும், ட்ரான்டினியானுக்குச் சிறந்த நடிகர் விருதும். கொல்லப்படும் தலைவராக நடித்து, கதாநாயகன் போலச் சுவரொட்டியில் இருக்கும் ஈவ் மொந்தானுக்குப் படத்தில் கொஞ்ச நேரம்தான். அவர் போன பிறகும் எல்லாக் காட்சியிலும் இருக்கிறார் என்று தோன்றுவது நடிப்புக்கும் எழுத்துக்கும் சேர்ந்த பெருமை.

ஜூன் 10

அல்ஜீரியா என்று எழுதியதும் ஒரு தம்பி சரியான இடத்தில் குத்தியிருக்கிறார்: ‘ராணுவ ஆட்சியை எதிர்க்கும் படத்தை இன்னொரு ராணுவ ஆட்சியின் உதவியோடு எடுத்திருக்கிறார்களே?’

ஆமாம். கர்னல்கள் ஆளும் கிரீஸில் எடுக்க வழியே இல்லை. பிரான்ஸில் பணம் போட ஆள் கிடைக்கவில்லை. படத்தில் புகைப்படப் பத்திரிகையாளராக வரும் ஜாக் பெரன்தான் தயாரிப்பாளராகி ஓடியாடினார். அல்ஜீரியாவின் அரசுத் திரைப்பட நிறுவனம் கூட்டுச் சேர்ந்தது. அல்ஜியர்ஸ் நகரத் தெருக்கள் தெசலோனிகி ஆயின. வெள்ளைக் கட்டடம், கடல், மத்தியதரைக் கடலோர வெளிச்சம் எல்லாம் பொருந்திப்போனது. அந்த அல்ஜீரியாவில் 1965இல் குடியரசுத் தலைவர் பென் பெல்லாவைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்தவர் கர்னல் பூமெதியென். பென் பெல்லா அப்போது காவலில் இருந்தார்.

இதைப் படத்துக்கு எதிராகப் பயன்படுத்த முடியுமா? கொஞ்ச நேரம் முடியும் என்றுதான் தோன்றியது. பிறகு யோசித்தேன். பிரெஞ்சு ராணுவத்திடம் ஏழரை ஆண்டு போராடி 1962இல்தான் விடுதலை வாங்கிய ஊர் அது. அந்தத் தெருக்களில் வேடிக்கை பார்த்தவர்களுக்கும் கூட்டமாக நடித்தவர்களுக்கும் சீருடைக்காரன் தடி ஓங்கினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது. ஆட்சிக்கு வேறு கணக்கு இருந்திருக்கலாம். எடுத்த படம் எடுத்தவர்களுடையது. இருந்தாலும் தம்பி சொன்னது தொண்டையில் நிற்கத்தான் செய்கிறது. பென் பெல்லாவைப் பற்றி யாரும் அன்று அங்கே ஒரு படம் எடுத்திருக்க முடியாது.

ஜூன் 11

ஷாங்காய் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 2012இல் வந்த இந்திப் படம், திபாகர் பானர்ஜி இயக்கியது. திருட்டு இல்லை. ‘இசட்’ படத்துக்கும் மூலமான, வசிலிஸ் வசிலிகோஸ் எழுதிய அதே நாவலை அடிப்படையாகக் கொண்டது என்று முறையாகச் சொல்லி எடுத்த படம். ட்ரான்டினியான் இடத்தில் அபய் தியோல். அந்தப் பாத்திரம் டி.ஏ.கிருஷ்ணன் என்ற தமிழ் ஐ.ஏ.எஸ். அதிகாரி. நம்மவர்கள் அந்த வட்டார உச்சரிப்பைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். எனக்கு வேறொன்று பிடித்தது. இங்கே விசாரணை நீதிபதி என்ற பதவி கிடையாது என்பதால், விசாரணை ஆணையம் ஒன்றை வைத்து, அதன் பொறுப்பில் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியைப் போட்டார்கள். பாத்திரத்தின் எலும்பே மாறிவிட்டது. சட்டம் கொடுத்த சுதந்திரம் கிரேக்க நீதிபதிக்கு இருந்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு முதலமைச்சர் அலுவலகம் கையில் கொடுத்த கோப்பு மட்டும்தான். ஆகவே கிருஷ்ணன் பேரம் பேச வேண்டியிருக்கிறது. எது கிடைக்குமோ அதை வாங்கிக்கொள்கிறார்.

முதல் கேள்வி கேட்ட நண்பர் ஷாங்காயின் முடிவைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். அங்கே கடைசியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை அதிகக் கத்தல் இல்லாமல் காட்டுகிறார்கள். செய்தி அறிவிப்பு கிடையாது. ஒரு வேளை உங்களுக்கு அது பிடிக்கலாம். எனக்கு ‘இசட்’ முடிவே வேண்டும்.

ஜூன் 14

இரண்டு நாள் எழுதவில்லை. இடையில் சகோதரி ஒருவர் எழுதிய நீளமான பதிலை அனைவரும் படியுங்கள். அவர் வைத்த இரண்டு குற்றச்சாட்டுகளையும் நான் ஏற்கிறேன்.

ஒன்று, வாகோ பாத்திரம். கொலைகாரர்களில் ஒருவனை ஓரினச் சேர்க்கையாளன், சிறுவர்களைத் தேடிப் போகிறவன் என்று காட்டி, அதையே அவன் இழிவுக்கு அடையாளமாக்குகிறது படம். மார்செல் பொசுஃபி பிரமாதமாக நடித்திருக்கிறார், அந்தச் சிரிப்பு உறக்கத்தைக் கெடுக்கும். ஆனால் ஒரு கூலிக் கொலைகாரனைக் கெட்டவன் என்று காட்ட அவன் கொலை போதும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பியது 1969இன் பார்வை, இன்று பார்க்கும்போது உறுத்துகிறது. காலம் அப்படி என்று தள்ளிவிட்டுப் போக மாட்டேன். படம் முழுக்க மனிதர்களை முத்திரை குத்துவதை எதிர்க்கிறது, இந்த ஓரிடத்தில் அதுவே முத்திரை குத்துகிறது.

இரண்டு, கொல்லப்பட்டவரின் மனைவியாக வரும் ஐரீன் பாப்பஸ். அவ்வளவு பெரிய நடிகைக்குப் பத்து வரி வசனம்கூட இருக்காது. மருத்துவமனை நடைகூடத்தில் நடக்கிறார், ஓட்டல் அறையில் கணவரின் பொருள்களைத் தொடுகிறார், மோந்து பார்க்கிறார். ஆண்கள் எல்லாம் வாதாட, அவர் துக்கத்துக்கு மட்டும். இது குறைதான். ஆனால் சகோதரி கவனிக்காத ஓரிடம் உண்டு. அதிகாரிகள் மேல் குற்றம் சாட்டப்பட்டதும் கட்சி நண்பர் ஒருவர் கடற்கரைக்கு ஓடி வந்து மகிழ்ச்சியோடு அவரிடம் செய்தி சொல்கிறார். பாப்பஸ் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. திரும்பிக் கடலைப் பார்க்கிறார். பார்வையாளர்கள் கைத்தட்டி முடிக்கும் நேரத்துக்குள் இந்தக் காட்சி வந்துவிடுகிறது. செய்தி அறிவிப்புக்கு முன்னாலேயே அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. நடிகைக்கே அது தெரியாதா? 1967க்குப் பிறகு பாப்பஸ் நாடு திரும்ப முடியாமல் வெளியே இருந்தார், கர்னல்களை வெளிப்படையாக எதிர்த்தார்.

கடைசி இரண்டு நிமிடம் திடீரென்று வந்து ஏமாற்றுகிறது என்ற புகாருக்கு என் பதில் அந்த முகம்.

ஜூன் 15

இசை. கிரேக்க இசையமைப்பாளர் மிகிஸ் தியோடோராகிஸ் இந்தப் படத்துக்காக உட்கார்ந்து மெட்டுப் போடவில்லை. போட முடியாது, அவரைக் கர்னல்கள் ஆர்காடியா மலையில் சாதூனா என்ற கிராமத்தில் காவலில் வைத்திருந்தார்கள். லாம்ப்ராகிஸ் கொலைக்குப் பிறகு அவர் பெயரில் இளைஞர் இயக்கம் நடத்தியவரே தியோடோராகிஸ்தான். ஏற்கெனவே செய்த இசையிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சம்மதம் கொடுத்தார். படத்தில் திரும்பத் திரும்ப வரும் மெட்டு, சிரிக்கும் பையனைப் பற்றிய பாட்டு. அதன் மூலம் அயர்லாந்து எழுத்தாளர் பிரெண்டன் பீஹனுடையது, மைக்கேல் காலின்ஸ் கொல்லப்பட்டதைப் பற்றியது. ஓர் ஐரிஷ் தலைவருக்கு அழுத பாட்டைக் கிரேக்கர்கள் தங்கள் ஆளுக்கு அழ எடுத்துக்கொண்டார்கள். இசைத்தட்டு கிடைத்தால் தனியாகக் கேளுங்கள்.

ஜூன் 16

‘இது இடதுசாரிப் பிரச்சாரப் படம்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார் ஒருவர்.

அடுத்த வருஷமே, 1970இல், இதே இயக்குநர், இதே திரைக்கதை ஆசிரியர், இதே மொந்தான் சேர்ந்து ‘வாக்குமூலம்’ என்ற படம் எடுத்தார்கள். 1952இல் ப்ராக் நகரில் நடந்த ஸ்லான்ஸ்கி வழக்கு. கம்யூனிஸ்ட் அரசு தன் சொந்தத் தலைவர்களையே சித்திரவதை செய்து பொய் வாக்குமூலம் வாங்கி, 14 பேரில் 11 பேரைத் தூக்கில் போட்டது. தப்பிய மூவரில் ஒருவரான ஆர்தர் லண்டன் எழுதிய நூல்தான் மூலம். ‘இசட்’ பார்த்துக் கை தட்டிய கட்சிக்காரர்கள் பலர் இந்தப் படத்தின்மேல் கோபப்பட்டார்கள். திரைக்கதை எழுதிய ஹோர்ஹே செம்ப்ரூன், நாஜிகளின் புக்கன்வால்ட் முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர், சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஸ்பெயினில் தலைமறைவாகக் கம்யூனிஸ்ட் கட்சி வேலை செய்தவர், அதே கட்சி 1964இல் வெளியேற்றியவர். பிரச்சாரம் எழுதும் ஆளா அவர்? இரண்டு படத்தையும் அடுத்தடுத்து பார்த்துவிட்டு எழுதுங்கள், அதுவரை இந்த வரிக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

ஜூன் 19

வாரக் கடைசியில் படத்தைத் திரும்பப் போட்டேன். இந்தத் தடவை முதல் காட்சியையும் கடைசிக் காட்சியையும் சேர்த்துப் பார்க்க.

முதல் காட்சியில் திராட்சைக்கு வரும் அடிச்சாம்பல் நோயைப் பற்றி ஒருவர் வகுப்பு எடுக்கிறார். எந்தப் பருவத்தில் மயில்துத்தக் கரைசல் அடிப்பது என்று விவரமாக. தேனிப் பக்கத்து விவசாயிகளுக்குக்கூடப் பயன்படும். அப்புறம் ஜெனரல் எழுந்து, கொள்கைகளிலும் இப்படி ஒரு பூஞ்சை பரவுகிறது, தளிரிலேயே மருந்தடிக்க வேண்டும், பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்கிறார். எதிரில் அதிகாரிகள் சலிப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசிக் காட்சியில் அந்த மருந்தடிப்பு முடிந்த பட்டியல், அதாவது ராணுவ ஆட்சி தடை செய்தவற்றின் பட்டியல், ஓடுகிறது. நீளத் தலைமுடி, குட்டைப் பாவாடை, சோஃபோக்ளீஸ், தோல்ஸ்தோய், வேலைநிறுத்தம், சமூகவியல், பெக்கெட், புதுக் கணிதம், இசட் என்ற எழுத்து. முதல் காட்சியில் சொன்னதைக் கடைசியில் செய்து காட்டிவிட்டார்கள். நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரம், அதைத் தடுக்க ஒரே ஒரு நேர்மையான அதிகாரி போதுமா என்ற கேள்வி.

சென்னையில் ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் இந்தப் பட்டியலுக்குப் பாதி அரங்கம் சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் கோபப்பட்டார், இதில் என்ன சிரிப்பு என்று. வெளியே டீக்கடையில் அதே சண்டை தொடர்ந்தது. சிரித்த இளைஞர் ஒருவர் சொன்னார், ‘சிரிப்பு வருகிற மாதிரி முட்டாள்தனமான ஆட்கள் கையில் நாடு போயிருக்கிறது என்பதுதான் சார் பயமே.’ பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. நான் அந்த இளைஞர் பக்கம். ஜூன் 7 குறிப்பில் ஜெனரலைக் கோமாளியாக்கியது பற்றித் தயக்கத்தோடு எழுதியிருந்தேன் அல்லவா, இந்தச் சேர்த்துப் பார்த்தலில் அந்தத் தயக்கம் பாதி குறைந்துவிட்டது. கோமாளிதான், ஆனால் சொன்ன ஒவ்வொன்றையும் செய்து முடித்த கோமாளி.

ஜூன் 20

முதல் கேள்வி கேட்ட நண்பர் திரும்ப வந்திருக்கிறார், மகிழ்ச்சி. ‘சரி, முடிவு உண்மை. ஆனால் அந்த உண்மைக்குப் பிறகும் கதை போகிறதே, கர்னல்கள் விழுந்தார்களே, அதைச் சொல்லாத முடிவு மட்டும் முழு உண்மையா?’ என்கிறார். இழையிலேயே சிறந்த கேள்வி இதுதான்.

1969இல் எடுத்த படம் 1974ஐ எப்படிச் சொல்லும் என்று தப்பித்துக்கொள்ளலாம். அப்படிச் செய்யாமல், நடந்ததை எழுதுகிறேன். கர்னல்கள் சார்ட்ஸெடாகிஸைப் பதவியிலிருந்து நீக்கினார்கள், சிறையில் போட்டுச் சித்திரவதை செய்தார்கள். 1974 ஜூலையில் அவர்கள் ஆட்சி விழுந்தது. அதன் பிறகுதான் படம் கிரேக்கத் திரையரங்குகளுக்குப் போனது. கொலை நடந்தபோது பிரதமராக இருந்தவர் கான்ஸ்டன்டின் கரமன்லிஸ். கொலை நடந்த சில வாரங்களில் பதவி விலகி, பின்னர் பாரிஸுக்குப் போனவர், 1974இல் திரும்பி வந்து மக்களாட்சியை மீட்டெடுத்த பிரதமர் ஆனார், பிறகு குடியரசுத் தலைவர். 1985 மார்ச்சில் அவருக்கு இரண்டாவது முறை ஆதரவு கொடுக்க ஆளும் கட்சி மறுத்தது. அவர் இடத்துக்கு அவர்கள் நிறுத்தியது சார்ட்ஸெடாகிஸை. மூன்றாவது சுற்றில் 180 வாக்கு, தேவைப்பட்ட அளவுக்குச் சரியாக. படத்தில் நாம் கை தட்டிய அந்த விசாரணை நீதிபதி நாட்டின் குடியரசுத் தலைவரானார். 1990இல் அவர் பதவிக்காலம் முடிந்ததும் அடுத்து வந்தவர் யார்? மறுபடியும் கரமன்லிஸ்.

இப்போது சொல்லுங்கள் நண்பரே, இதில் எங்கே நிறுத்தினால் நியாயமான முடிவு? 1985இல் நிறுத்தினால் நீங்கள் கேட்ட கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் 1966இல் விடுதலையான அதிகாரிகள் கணக்கில் அது எதையும் மாற்றவில்லை. அதனால்தான் கோஸ்டா-காவ்ராஸ் நிறுத்திய இடம் சரி என்கிறேன். படம் வெளியான நாளில் எந்தக் கணக்கு தீர்க்கப்படாமல் இருந்ததோ அந்த இடத்தில் நிறுத்தினார். 1969இல் திரையரங்கை விட்டு வெளியே வந்தவர் செய்யக்கூடிய வேலை ஒன்று பாக்கி இருந்தது.

ஜூன் 20, இரவு

பத்தாம் வகுப்புப் பையனுக்குக் காட்டலாமா என்று ஓர் அப்பா கேட்டிருக்கிறார். காட்டலாம். இரத்தம் அதிகம் இல்லை, மருத்துவமனைக் காட்சிகள் கொஞ்சம் கனம். வாகோ காட்சிகளைப் பற்றி ஜூன் 14 குறிப்பில் எழுதியதைப் பையனிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். விசாரணை நீதிபதி என்றால் யார் என்றும் சொல்லி வையுங்கள். முடிவைச் சொல்லாதீர்கள்.